பணிப்புறக்கணிப்பு நாட்களில் மனநலக் கிளினிக்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

நோயாளி ஒருவரின் அக்கா, வட மாகாணம்:

வைத்தியர்களின் கொடுப்பனவு 35,000 ரூபாயால் உயர்த்தப்பட்டதைப் போலத் தமக்கும் உயர்த்த வேண்டும் என்று 2024 பெப்ரவரியில் இலங்கையில் 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியபோது, என் தம்பி கடும் மனநோய்க்குக் கொடுக்கும் குளோசபின் என்ற குளிசையைக் குடிக்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தக் குளிசை வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடியது என்பதால், முதல் 18 வாரங்களும் வாரந்தோறும் குருதி பார்த்த பின்னரே அடுத்த வாரத்துக்குரியதைத் தருவார்கள். அன்று வைத்தியர் இருந்தார். ஆய்வுகூடமும் மருந்தகமும் இயங்கவில்லை. தனியாரிடம் காசு கொடுத்துக் குருதியைப் பரிசோதித்தோம், ஆனால் குளிசை எங்கள் ஊர் மருந்துக்கடை எதிலும் இல்லை. இடைவெளி 48 மணித்தியாலத்தைத் தாண்டினால் பழைய அளவைத் தொடர முடியாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும் என்பதால், எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. இதற்கிடையில், வேலைக்கு உதவியாக அனுப்பப்பட்ட இராணுவத்தினரை விறாந்தையில் கண்ட தம்பி, தன்னைப் பிடிக்கவே வந்திருக்கிறார்கள் என்று நம்பிவிட்டான். வடக்கில் அந்தப் பயத்தை நோய் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

மனநலப் பிரிவுத் தாதி ஒருவர்:

நானும் சங்க உறுப்பினர்தான். கோரிக்கை நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் புற்றுநோய், சிறுவர், மகப்பேற்று வைத்தியசாலைகளுக்கு விலக்களித்தவர்களுக்கு, பொது வைத்தியசாலைக்குள் ஒரு மூலையில் இருக்கும் மனநலக் கிளினிக் நினைவுக்கு வரவில்லை. மாத ஊசிக்கு வருபவர்களில் சிலரை வீட்டார் நாட்கணக்கில் கெஞ்சித்தான் அழைத்து வருகிறார்கள். அவர்களிடம் "இன்றைக்கு இல்லை, பிறகு வாருங்கள்" என்றால், தனக்கு வருத்தமே இல்லை என்று வைத்தியசாலையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். ஊசி மருந்தின் வலு உடலில் மெதுவாகவே குறைவதால் உடனே எதுவும் தெரியாது. வாரங்கள் கழித்து, போராட்டம் முடிந்த பிறகு, நித்திரையில்லாமல், சில வேளை பொலிஸாருடன் வந்து சேர்வார்கள். அப்படி வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவதைப் போராட்டத்தின் கணக்கில் எவரும் எழுதுவதில்லை. ஊசி அறைக்கு ஒரு தாதியை ஒதுக்கி, போராட்டத் தேதி அறிவிக்கப்பட்டவுடன் குளிசைகளை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களைக் காப்பாற்றலாம்.

மீண்டும் அக்கா:

ஊசிக்கு நீங்கள் சொல்வது சரி. குளோசபினைக் குருதி முடிவு இல்லாமல் முன்கூட்டியே தர மாட்டார்களே. ஆய்வுகூடத்திலும் மருந்தகத்திலும் ஒவ்வொருவரை விட்டுவைக்கச் சங்கங்கள் சம்மதிக்குமா?