இன்- முன்னொட்டு: விதியை உடைக்கும் சொற்கள் தேவை

வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஆங்கில முன்னொட்டு அட்டைகள் தயாராகின்றன. ஒரு சிக்கல்.

எதிர்மறை 'இன்' அடுத்த எழுத்துக்கேற்ப மாறும்: பி, எம் முன் 'இம்' (இம்பாசிபிள்), எல் முன் 'இல்' (இல்லீகல்), ஆர் முன் 'இர்' (இர்ரெகுலர்). இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 'உள்ளே' எனப் பொருள்படும் லத்தீன் 'இன்'னும் அப்படியேதான் மாறுகிறது: இம்போர்ட், இல்லுமினேட், இர்ரிகேட். விளைவு, இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பற்றாது என்று எழுதிவிடுகிறார்கள். டேங்கர் லாரியில் அந்தச் சொல்லைப் பார்த்தால் தள்ளி நிற்க வேண்டாமா! அது இன்ஃப்ளேம் (தீப்பற்றவை) என்ற வினையோடு 'ஏபிள்' சேர்ந்தது; எளிதில் தீப்பற்றும் என்றே பொருள்.

முன்னொட்டை நீக்கிப் பார்த்தாலும் பயனில்லை; ஃப்ளேமபிள், போர்ட் இரண்டும் தனிச்சொல்லாக நிற்கின்றன.

வினைச்சொல்லில் 'உள்ளே', பெயரடையில் எதிர்மறை என்று தோராயமாகச் சொல்லித்தரலாமா? இதற்கு அடங்காத, பள்ளி அளவிலான பத்துச் சொற்கள் தெரிந்தவர்கள் கீழே போடுங்கள்.