குழல் வாயில் சேறு: ராத்திரியில் எப்படிப் பார்ப்பது?

பூண்டுக்காட்டான், பூம்பாறை:
அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி, 12 போர் (குழல் அளவு), பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். வேட்டையெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை. இது பன்றியைச் சத்தம் போட்டு விரட்ட மட்டும், அதனால் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். போன வாரம் நல்ல மழை. பூண்டுப் பாத்தியில் உறுமல் கேட்டு ஓடினேன், வரப்பு வழுக்கிக் குப்புற விழுந்தேன். எழுவதற்குள் பன்றிகள் ஓடையில் இறங்கிவிட்டன, சுடவில்லை. காலையில் துடைக்க எடுத்தால் குழல் வாயில் இரண்டு விரல் ஆழத்துக்குச் சேறு, நடுவே ஒரு பூண்டுப் பல். வீட்டுக்காரி சிரித்தாள்; எனக்குக் கை நடுங்கியது. இவ்வளவு மண்ணைத் தோட்டா ஊதித் தள்ளிவிடாதா?

பழைய பட்டாளம், கோத்தகிரி:
தள்ளாது தம்பி. பின்னால் வாயு முட்டுகிறது, முன்னால் வழியில்லை. குழல் வீங்கும், இல்லையென்றால் பிளக்கும். உன் இடது கை எங்கே பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பார்.

விழுந்தாயா, குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஒடித்து (குழலை மடக்கிப் பின்பக்கம் திறந்து), தோட்டாவைச் சட்டைப்பையில் போடு. தோட்டா உட்காரும் அறை காலிதானா என்று விரலால் தடவிப் பார். அப்புறம் டார்ச்சை வாய்க்கு எதிரே பிடித்துப் பின்பக்கமிருந்து பார். முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை தெரிந்தால் அன்று தகர டின்னைத் தட்டி விரட்டு. குச்சி விட்டுக் குடையாதே, முறிந்தால் அது இன்னொரு அடைப்பு. வீட்டில் கம்பியால் பின்னிருந்து தள்ளு.

உன் 12 போரில் மழைநீர் சாய்த்தால் வடிந்துவிடும். 315 ரைஃபிள்காரர்கள்தான் கவனிக்க வேண்டும்: 8 மி.மீ. குறுகிய குழலில் தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். வாயின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். குண்டு வருமுன் அதற்கு முன்னால் ஓடும் காற்றே அதைப் பிய்த்துவிடும். துணி, தக்கை எதையும் உள்ளே திணிக்கக் கூடாது. திணித்தவன் மறந்துவிடுவான்.

தேயிலைவீட்டுப் பெண், குன்னூர்:
எங்கள் வீட்டில் மழையைவிடக் குளவிதான் தொல்லை. மூலையில் சாத்தியிருந்த துப்பாக்கிக்குள் மண்கூடு கட்டியிருந்தது. இன்னொன்று அண்ணா, அப்பாவுடையது 12 போர், பெரியப்பாவுடையது 20 (எண் கூடினால் குழல் சிறியது). ஒருநாள் தோட்டாக்கள் ஒரே பையில் கலந்துவிட்டன. 20 தோட்டா 12 குழலுக்குள் நழுவி முன்னால் போய் நிற்கும், அதன் பின்னால் 12 தோட்டாவும் நுழையும்! அப்பா நல்லவேளையாகப் பையைக் கொட்டிப் பார்த்தார். 20 போர் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வதே இதற்காகத்தான்.

பூண்டுக்காட்டான், பூம்பாறை:
அடேயப்பா. சரி, நமுத்த தோட்டா ஒன்று போன வருடம் 'டப்' என்று மெலிதாகத்தான் வெடித்தது. அடுத்ததைப் போட்டுச் சுட்டுவிட்டேனே?

பழைய பட்டாளம், கோத்தகிரி:
பிழைத்தாய். சத்தமோ உதையோ குறைந்தால் குழலுக்குள் அடைப்பான் (தோட்டாவில் மருந்துக்கும் குண்டுகளுக்கும் நடுவே இருக்கும் தக்கை) தங்கியிருக்கலாம். வாயைத் திருப்பாமல் அரை நிமிடம் பொறு, ஒடித்து எடு, குழலைப் பார். அதுவரை அடுத்த தோட்டாவைத் தொடாதே. அந்தப் பழைய தோட்டா டப்பாவையும் லைசென்ஸ் கடையில் கொடுத்துவிடு.