வெளிநாட்டில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்களுக்கு: அந்த வேலையை அறிந்தவர்கள் எழுதுவது

தன்னார்வலர் தேர்வுக் குழுவில் இருப்பவர்:

பணம் கட்டுவதற்கு முன் அந்த அமைப்பிடம் நாலு கேள்வி கேளுங்கள். இப்போது அந்த வகுப்பை யார் எடுக்கிறார்? நான் கிளம்பிய மறுநாள் யார் எடுப்பார்? என்னை வரவழைக்கும் செலவில் உள்ளூர் ஆசிரியர் ஒருவரை ஏன் வைக்கவில்லை? நான் கட்டுவதில் பள்ளிக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு? மழுப்பலாகப் பதில் வந்தால் அதோடு விட்டுவிடலாம்.

அவர்கள் உங்களிடம் எதையும் கேட்காமல் இருந்தால் அதைவிடக் கெட்ட அறிகுறி. காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ், உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பரிந்துரை, நேர்காணல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து. இவை இல்லாமல் உங்களை வகுப்புக்குள் விடுகிறவர்கள், அடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் விட்டுவிடுவார்கள்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1961-இல் தொடங்கிய, அமெரிக்க அரசின் தன்னார்வலர் அமைப்பான பீஸ் கோர் ஒருவரை அனுப்பும் வழக்கமான காலம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் மொழிக்கும் பயிற்சிக்குமே போகிறது. இரண்டு வாரத் திட்டங்களில் அந்தப் பயிற்சிக்கு இடமே இல்லை. விளைவு, ஏபிசி பாட்டையும் நிறங்களின் பெயர்களையும் மாதம் இரண்டு முறை, இரண்டு புதிய முகங்களிடம் முதலிலிருந்து கற்கும் பிள்ளைகள். இரண்டு வாரம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் வகுப்பை எடுத்துக்கொள்ள வேண்டாம். நூலகத்தை வகைப்படுத்துங்கள், கற்பித்தல் சாதனங்கள் செய்து கொடுங்கள், ஆசிரியர்கள் கேட்கும் ஏதாவது ஒன்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சம்பளம் வாங்காத வேலைதானே என்று சுற்றுலா விசாவில் போகாதீர்கள். பல நாடுகளில் சம்பளமில்லாப் பணியும் பணிதான். சிக்கினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், விசாரணையில் மாட்டுவது பள்ளி. பட்டச் சான்றிதழுக்கு, 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானது என்று அதை வழங்கிய நாட்டின் அரசு தரும் சான்று) போதும். சேராத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். நன்னடத்தைச் சான்றிதழைப் பழையதாகக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள் என்பதால் அதை மட்டும் கடைசியில் வாங்குங்கள்.

குழந்தைப் பாதுகாப்புப் பணியாளர்:

ஆதரவற்றோர் இல்லத்தில் கற்பிக்கும் திட்டம் என்று எழுதியிருந்தால் போகாதீர்கள். கடுமையாகத் தெரியும், ஆனாலும் சொல்ல வேண்டியது. இத்தகைய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பி அனுப்பிவைக்கிறார்கள். பார்க்க வருகிறவர்களின் பணம் பெருகினால் இல்லங்களும் பெருகும், அவற்றை நிரப்பப் பிள்ளைகளும் தேவைப்படுவார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைத்தனச் சட்டம் இயற்றிய சமயத்தில், இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைக் கடத்துவதும் அங்கே விவாதத்துக்கு வந்தது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இல்லங்களில் நடக்கும் தன்னார்வத் திட்டங்களின் தீங்கைச் சுட்டிக்காட்டியது. மாலையில் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள் படிக்கும் பகல் பள்ளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

சிறு குழந்தைகள் முதல் நாளே மடியில் ஏறி உட்காரும். அது பாசம் என்று நினைத்து நெகிழ்ந்துபோகிறார்கள். முன்பின் தெரியாதவரிடம் இவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்வது, ஆட்கள் வந்து வந்து போன இடத்துப் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படும் பழக்கம். உதறித் தள்ள வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்துக் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, கதவு திறந்திருக்க வேண்டும், கழிப்பறைக்குக் கூட்டிப்போவது உள்ளூர் ஊழியரின் பொறுப்பு.

ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி, அன்றைக்கே பொறுப்பாளரிடம் கொடுங்கள். நீங்களாகத் துருவினால் பின்னால் வரும் முறையான விசாரணை கெட்டுவிடும்.

ஃபோட்டோவில் முகம், பெயர், பள்ளியின் பெயர் மூன்றும் ஒன்றாக வரவே கூடாது. பெற்றோர் சம்மதம் வாங்கியாயிற்று என்பார்கள். படம் எங்கே போகும் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்லி வாங்கியதா என்று கேளுங்கள்.

தொடக்க வகுப்பு ஆசிரியை:

வகுப்பறைக்கு வருவோம். மூன்றாம் வகுப்பு என்று ஒப்படைப்பார்கள். உள்ளே எழுத்தே தெரியாத பிள்ளையும் கதைப் புத்தகம் வாசிக்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கும். பாடப்புத்தகத்தைத் திறந்து எல்லோருக்கும் ஒரே பாடம் எடுத்தால் முன்வரிசைப் பத்துப் பேருக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

அதனால் முதல் வாரம் பாடமே வேண்டாம், யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியக் கல்வித் தொண்டு நிறுவனமான பிரதம், பிள்ளைகளின் கற்றல் நிலையை அறிய நடத்தும் ஏசர் கணக்கெடுப்பில் பயன்படும் வாசிப்புத் தாள் இதற்குப் போதும், ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம்தான் ஆகும். தாளில் எழுத்துகள், சொற்கள், நாலு வரிப் பத்தி, சிறு கதை என்று நாலு பகுதி. பத்தியில் தொடங்க வேண்டும். திக்காமல் வாக்கியமாக வாசித்தால் கதைக்குப் போங்கள். மூன்றுக்கு மேல் பிழை வந்தாலோ ஒவ்வொரு சொல்லாகத் தனித்தனியே நிறுத்தி வாசித்தாலோ சொற்களுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லில் நாலு சரியாக வராவிட்டால் எழுத்து. இதைப் பிள்ளை வீட்டில் பேசும் மொழியில் செய்ய வேண்டும். அந்த மொழி உங்களுக்குத் தெரியாது என்பதால் உள்ளூர் ஆசிரியர் வாசிக்கச் சொல்லட்டும், நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியரோடு வேலை பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

பிறகு தினமும் ஒரு மணி நேரமாவது வயதை மறந்து நிலைவாரியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுங்கள். பிரதமின் இந்த முறையைக் களத்தில் பலமுறை சோதித்தவர்களில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ இருவரும் உண்டு. 2019-இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைகளோடு எழுத்துக் குழுவில் உட்கார வெட்கப்படும், அதுதான் இதில் உள்ள சிக்கல். குழுவுக்கு ‘ஒன்று, இரண்டு’ என்று எண் வைக்காதீர்கள், மரப் பெயரோ பறவைப் பெயரோ வையுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை மறுபடி சோதித்து ஆட்களை மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் கடைசிக் குழு நிரந்தரமாகிவிடும்.

ஆங்கிலம் எடுக்கச் சொன்னால் ஏ, பி, சி வரிசையை விடுங்கள். எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n). இந்த ஆறு எழுத்தில் தொடங்கினால் சிட், பின், டாப், டின், நாப் என்று முதல் இரண்டு வாரத்திலேயே பிள்ளை சொல் கூட்டிவிடும். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்ல வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இது எளிது. புள்ளி வைத்த மெய்யாக ‘ப்’, ‘ட்’ என்று நிறுத்துங்கள். ‘ப’, ‘ட’ என்று அகரத்தைச் சேர்த்துவிட்டால் பிள்ளை ‘ப-இ-ன’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு, பின் என்ற சொல் கிடைக்காமல் விழிக்கும். தாய்மொழியிலேயே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பை அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம், பேச்சும் பாட்டும் போதும். தொடக்கக் கல்வி தாய்மொழியில் நடக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது.

‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். உலகத்தில் எந்த மூலையில் கேட்டாலும் அறுபது குரலும் ஆமாம் என்றுதான் சொல்லும். ஆளுக்கொரு ஸ்லேட் கொடுத்து விடையை எழுதச் சொல்லுங்கள், மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தூக்கட்டும். முன்பே தூக்கவிட்டால் பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதிவிடும். ஸ்லேட் இல்லையென்றால் தடித்த அட்டையில் கரும்பலகைப் பெயிண்ட் இரண்டு பூச்சு அடித்தால் ஆயிற்று.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் ஒரு வினாடி அளவே பொறுத்தது தெரிந்தது. மூன்று வினாடியாக நீட்டினால் பதிலும் நீளும், வாய் திறக்காத பிள்ளையும் பேசும். பிள்ளைக்கு அது இரண்டாம் மொழி என்றால் இன்னும் கூடப் பொறுக்கலாம்.

கணக்கு ஆசிரியர்:

மேலே ஸ்லேட் சொன்னார்கள், பலகையைப் பற்றி நான் சேர்க்கிறேன். புதுக் கரும்பலகையில் அப்படியே எழுதினால் முதல் எழுத்துகள் அழித்தாலும் நிழலாக நிற்கும். சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்கத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிறீச்சிட்டால் சாக்பீஸைப் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசை எட்டு மீட்டர் தள்ளி இருந்தால் எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது இருக்கட்டும். எழுதிவிட்டுப் பின்னால் போய் நின்று நீங்களே படித்துப் பாருங்கள், ஜன்னல் வெளிச்சம் எந்த மூலையில் கண்ணைக் கூசவைக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியும்.

காகித அட்டவணை ஈரத்தில் ஒரு பருவம் தாங்காது. நெய்த பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்து, வெளுத்த பக்கத்தில் அழியாத மார்க்கரால் எழுதினால் வருடக்கணக்கில் இருக்கும், மடித்தும் வைக்கலாம். வெட்டிய ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நூல் நூலாகப் பிரியும்.

இட மதிப்புக்குக் குச்சிகள். பத்து பத்தாகப் பிள்ளைகளே எண்ணி ரப்பர் பேண்ட் போட வேண்டும். நேரம் மிச்சம் என்று நாம் கட்டிக்கொடுத்தால் கட்டு அவர்களுக்குப் பத்தாகத் தெரியாது, ஒரு பொருளாகத்தான் தெரியும். 32-இல் 15 கழிக்கும்போது ஒரு கட்டை அவிழ்த்துப் பன்னிரண்டு உதிரியாக்கட்டும். கடன் வாங்குவது என்ற பேச்சைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

பயண மருத்துவச் செவிலியர்:

கிளம்ப ஆறு முதல் எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். தட்டம்மை இரண்டு தவணை போட்டிருக்கிறீர்களா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள், சின்னப் பிள்ளைகள் நிறைந்த அறைக்குப் போகிறீர்கள். சின்னம்மை வராதவர்கள் அதையும் கேளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி தேவைப்படும் நாடு என்றால் சான்றிதழ் பத்து நாள் கழித்துத்தான் செல்லும்.

ரேபிஸ் முன்தடுப்பு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2018 பரிந்துரைப்படி இரண்டு ஊசி, முதல் ஊசிக்கு ஏழு நாள் கழித்து இரண்டாவது. போட்டிருந்தாலும் நாய் கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி ஊசி போட வேண்டும். லாபம் என்னவென்றால், தொலைதூர இடங்களில் எளிதில் கிடைக்காத இம்யூனோகுளோபுலின் (கடித்த இடத்தில் போடும் எதிர்ப்புப் புரத மருந்து) தேவைப்படாது.

வகுப்பில் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். காலையில் சாப்பிட்டதா, இரவு வேலைக்குப் போகிறதா என்று உள்ளூர் ஆசிரியரிடம் விசாரியுங்கள். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கலாம். பலகையைப் பார்த்து எழுதாத பிள்ளையை முன்னால் மாற்றி உட்காரவைத்துப் பாருங்கள், கண்ணா படிப்பா என்பது பாதி தெரிந்துவிடும். பேன், சிரங்கு உங்களுக்கும் வரும், சிகிச்சை எளிது, எல்லோர் முன்னாலும் பிள்ளையின் தலையை ஆராயாமல் இருந்தால் சரி.

தொடக்க வகுப்பு ஆசிரியை:

இரண்டு விஷயம் விட்டுப்போயிற்று. உடன் இருக்கும் ஆசிரியர் பிரம்பு எடுத்தால் வகுப்பின் முன் பிடுங்காதீர்கள், அவருடைய மரியாதை போனால் உங்களுக்கு அங்கே வேலை இல்லை. அன்றே தனியாகப் பேசுங்கள், தொடர்ந்தால் தலைமையாசிரியரிடம் போங்கள். காயம் ஏற்பட்டால் மேலே பாதுகாப்புப் பணியாளர் சொன்னபடி எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்று ஒப்படைப்பு. கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், காலண்டரில் குறித்துத் தினமும் காட்டுங்கள். திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள். கடைசி இரண்டு வாரம் பாடத்தை உள்ளூர் ஆசிரியர் நடத்தட்டும், நீங்கள் பின்வரிசையில் உட்காருங்கள். அவருக்கு எந்த இடத்தில் சாதனம் போதவில்லை என்பது அப்போதே தெரிந்தால் செய்து கொடுக்க நேரம் இருக்கும். ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி: எந்த நிலையில் வந்தது, இப்போது எந்த நிலை, அடுத்து என்ன. அதை அவர்கள் மொழியில் எழுதவைத்து, ஒரு பிரதியைத் தலைமையாசிரியரின் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.