மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: புதுப்பிப்பு

தோளில் உள்ளாடைப் பட்டை பதிந்து பள்ளம் விழுந்துவிட்டதையும், வெயில் காலத்தில் மார்பின் அடிமடிப்பு வியர்த்துப் புண்ணாவதையும் சொல்லி, மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்துகொண்டேன், நலமாக இருக்கிறேன்.

“அழகுக்காகக் கத்தி வைப்பதா?” என்று அத்தை கேட்டது என்னை நெடுநாள் தடுத்தது. முடிவெடுக்க உதவியது மருத்துவரின் வெளிப்படையான பேச்சுதான்: காம்பைச் சுற்றி, அங்கிருந்து கீழே, பின்னர் அடிமடிப்பு நெடுக என நங்கூர வடிவில் தழும்பு நிற்கும், காம்பில் உணர்ச்சி குறையலாம், பிற்காலத்தில் தாய்ப்பால் சுரப்பும் பாதிக்கப்படலாம் என்று அவர் படம் வரைந்தே விளக்கினார். குழந்தை பெற எண்ணியிருப்பவர்கள் இந்தக் கடைசிச் செய்தியைக் கட்டாயம் கேட்டுத் தெளிய வேண்டும்.

முதல் சில நாள்கள் கடினமாகவே இருந்தன. பக்கவாட்டில் செருகியிருந்த வடிகுழாயில் சேரும் நீரை அம்மா அளந்து எழுதி வைத்தார். கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை. அகற்றிய திசுவை வழக்கப்படி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்; புற்றுநோய் அறிகுறி ஏதுமில்லை என்ற அறிக்கையைப் படித்தபோது அழுதுவிட்டேன். பொதுவாக 6 வாரம் வரை இறுக்கமான ஆதரவு உள்ளாடை அணிய வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. தழும்பு இன்னும் சிவந்திருக்கிறது. மங்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். கழுத்து வலி போயே போய்விட்டது.

செலவை எண்ணித் தயங்குபவர்கள் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். மார்பக அறுவை சிகிச்சையை இலவசமாகச் செய்யும் ஏற்பாடு அங்கே 2018இல் தொடங்கப்பட்டது.