கயிற்றில் முடிச்சு போட்டால் அது சிற்பமா?

உறிக்காரி:
மேக்ரமே, அதாவது கயிற்றில் முடிச்சு போட்டுச் செய்யும் பின்னல், பின்னி விற்கிறேன். ஊஞ்சல், பூந்தொட்டி மாட்ட உறி, இப்படி. பாட்டி வெண்ணெய்ச் சட்டிக்கு முடைந்த அதே உறிதான், இப்போது பால்கனிக்கு வந்திருக்கிறது. போன மாதம் ஆளுயரத்துக்கு ஓர் உருவம் முடைந்து ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். "கைவினைப் பிரிவுக்குப் போடுங்கள், இது சிற்பம் இல்லை" என்று திருப்பிவிட்டார்கள். சிற்பி மிருணாளினி முகர்ஜியும் கயிற்றில் முடிச்சுதானே போட்டார்? அவருடையது மட்டும் எப்படிச் சிற்பம் ஆனது?

சுவரெழுத்தன்:
2015இல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் அவர் படைப்புகளை நேரில் பார்த்தேன். போட்டோவில் திரைச்சீலை மாதிரி இருக்கும். நேரிலோ, துவாரபாலகர் முன்னால் நிற்கிற மாதிரி ஒரு கூச்சம். மடிப்புக்குள் மடிப்பு, உள்ளே இருட்டு. பூவா, உடம்பா, சாமியா என்று பிடிபடவில்லை. 'யக்ஷி' (1984), 'வனஸ்ரீ' (1994) என்று பெயரும் அப்படித்தான். கண்காட்சி திறந்த ஒரு வாரத்துக்குள் அவர் இறந்துபோனார்.

வேடிக்கை என்னவென்றால், பரோடா பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது சிற்பமே இல்லை. ஓவியம், பிறகு ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் சுவரோவியம். சுப்ரமணியன் கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். கலை மேலே, கைவினை கீழே என்ற பேச்சு அவரிடம் எடுபடாது. அந்தப் பட்டறையில் வளர்ந்தவருக்குச் சணல் கயிறும் கல்லும் ஒன்றுதான். தறி கிடையாது, முன்கூட்டி வரைந்த படம் கிடையாது. சாயம் ஏற்றிய கயிறு, கை, மாதக்கணக்கில் முடிச்சு.

தறிமேடை:
எல்லாம் சரி சகோ. மிருணாளினியின் அப்பா பெரிய ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி, அம்மா லீலா சிற்பி. அந்த வீட்டுப் பெண் முடிச்சு போட்டால் சிற்பம், நம் அக்கா போட்டால் உறி!

சுவரெழுத்தன்:
பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவே நேபாளக் கைவினைஞர் ஒருவரிடம் மரச்செதுக்கு கற்றவர். மகளுக்கும் சும்மா கிடைக்கவில்லை. நியூயார்க்கில் மெட் (மெட்ரோபாலிடன்) அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது 2019இல், அவர் போன பிறகு. அக்கா, உங்கள் உருவம் தானாக நிற்கிறதா, தொங்குகிறதா?

உறிக்காரி:
தொங்குகிறது. மூன்று வாரத்தில் தோள் தொய்ந்து, கழுத்து நீண்டுவிட்டது தம்பி.

சுவரெழுத்தன்:
அவர் உருவங்கள் பலவற்றுக்குள் இரும்புச் சட்டம் உண்டு. கம்பியை வளைத்து, துரு கயிற்றில் இறங்காதபடி ரெட் ஆக்சைடு (துருத் தடுப்புப் பெயின்ட்) அடித்துக் காயவிட்டு, அதைச் சுற்றி முடையுங்கள். தோளிலிருந்து தொடங்குங்கள்.