அப்டேட்: எச்டிடிராக் பிரச்சினை முடிஞ்சுது (ஒரு மாதிரி)

போன கிழமை கேட்டிருந்தன் எல்லோ, நெடுந்தீவில இருக்கிற மச்சாளின்ர பெடிக்கு பாடக்குறிப்பு சைட் ஒண்டை எச்டிடிராக்கில (முழு வெப்சைட்டையும் நெட் இல்லாமப் பாக்க இறக்கித் தாற சொஃப்ட்வெயர்) இறக்கினா 9 ஜிபி தாண்டியும் நிக்காமப் போகுது, கன படமும் வரேல்லை எண்டு.

குற்றவாளி அந்த சைட்டில இருந்த கலண்டர்! அடுத்த மாசம், அடுத்த மாசம் எண்டு லிங்க் முடிவே இல்லாமப் போகுது, எச்டிடிராக்கும் பாவம் ஒவ்வொண்டா இறக்கிக்கொண்டே இருந்திருக்கு. ஒரு அண்ணை சொன்ன மாதிரி ஃபில்டரில (எதை இறக்கிறது, எதை விடுறது எண்டு எழுதிற இடம்) மைனஸ் போட்டு கலண்டர் லிங்க்குகளை விலக்கினன், 600 எம்பியோட முடிஞ்சுது.

நடுவில ஒரு மடைவேலையும் பாத்தனான். இறக்கின சைட்டோட எச்டிஎஸ்-கேஷ் (hts-cache) எண்டொரு ஃபோல்டர் கிடந்துது, குப்பையாக்கும் எண்டு அழிச்சுப்போட்டன், பிறகு அப்டேட் குடுக்கப் போனாத்தான் விளங்கினது முதல் என்ன இறக்கினதெண்ட கணக்கு முழுக்க அதுக்குள்ளதான் இருக்கெண்டு. திரும்ப முதல்ல இருந்து, விடிய விடிய. தயவுசெய்து அதில கைவைக்காதேங்கோ.

படம் வராததுக்குக் காரணம் ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தைக் கீழ இழுக்கேக்கதான் அந்தப் படங்கள் லோட் ஆகுது, எச்டிடிராக் பிரவுசர் மாதிரி ஸ்கிரிப்டை ஓட்டிப் பாக்காது. அப்பிடியான ஒரு பதினைஞ்சு பக்கத்தை பயர்பாக்ஸில கடைசிமட்டும் இழுத்துப்போட்டு சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷனால சேமிச்சன், படமெல்லாம் ஒரே எச்டிஎம்எல் ஃபைலுக்குள்ள வந்திட்டுது.

இடம் மிஞ்சினபடியா கிவிக்ஸும் (விக்கிபீடியாவை நெட் இல்லாம வாசிக்கிற சொஃப்ட்வெயர்) தமிழ் விக்கிபீடியாவும் பென் டிரைவில போட்டிருக்கிறன். நாளைக்குக் குறிகட்டுவானில படகேறிற ஆளிட்டக் குடுத்துவிடப்போறன்.