அம்மாவின் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்கள், மயக்க மருந்துக்கு இது எதற்கு?

நாகலூர்க்காரன்
அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அடுத்த வாரம் சேலத்தில் ஒரு நர்சிங் ஹோமில் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன். மயக்க மருந்து ஃபிட்னஸுக்குப் போனபோது டாக்டரம்மா வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னார், அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அப்புறம் கழுத்தின் முன்பக்கம் ஜெல் தடவி ஸ்கேன் வைத்துப் பார்த்தார். ஆபரேஷன் அன்று மறுபடி பார்த்துப் பேனாவால் ஒரு கோடு போடுவாராம். கல் வயிற்றில் இருக்க, கழுத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று அம்மா அன்றிலிருந்து தூங்கவில்லை.

அம்மா பருமன், குட்டைக் கழுத்து, குறட்டை உண்டு. காபித் தோட்ட வேலை, வெற்றிலை பாக்கை விடமாட்டார். முன்பு வேறொரு மருத்துவமனையில் கர்ப்பப்பையை எடுத்தபோது, "ட்யூப் போட ரொம்பச் சிரமப்பட்டோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தச் சிரமத்தை ஸ்கேன் முன்கூட்டியே சொல்லிவிடுமா?

சேலம்_மயக்கவியல்
தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: கழுத்தில் யாரும் நோய் தேடவில்லை.

முழு மயக்கம் கொடுத்ததும் நோயாளி தானாக மூச்சு விடுவது நின்றுவிடும். சில நிமிடங்களுக்குள் குரல் நாண்களுக்கு நடுவே மூச்சுக்கான ட்யூபைச் செலுத்தியாக வேண்டும். யாருக்கு அது கஷ்டப்படும் என்று முன்னமே தெரிந்தால் பாதி ஆபத்து குறையும். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற முறையை 1985-ல் எழுதியவர் ஆந்திராவில் பிறந்த டாக்டர் மல்லம்பட்டி. நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அது பலரைத் தவறவிடும். டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை அலசி 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. ட்யூப் போடுவது சிரமமாக இருந்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அப்படி ஆகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஸ்கேனில் தோலிலிருந்து குரல்வளை மூடிவரை சதை எவ்வளவு தடிமன் என்று அளப்போம். 2 முதல் 2.5 செ.மீ.யைத் தாண்டினால் சிரமம் வரலாம் என்பார்கள், அந்த எல்லை ஆய்வுக்கு ஆய்வு மாறும். நாக்கின் தடிமனையும் பார்க்கலாம். எல்லை இப்படி மாறுவதால் அந்த எண்ணை மட்டும் வைத்து நான் ஒரு முடிவுக்கும் வர மாட்டேன்.

நான் பெரிதாக மதிப்பது அந்தப் பேனாக் கோட்டைத்தான். ட்யூப் போகவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை என்றால், குரல்வளைக் குருத்தெலும்புக்கும் அதற்குக் கீழே உள்ள வளையத்துக்கும் நடுவிலிருக்கும் மெல்லிய சவ்வைக் கீறி மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். மிக அபூர்வமாகத்தான் அந்த நிலை வரும். வந்தால் நொடிகளில் முடிய வேண்டும். பருமனான பெண்களின் கழுத்தில் விரலால் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது அனுபவசாலிகளுக்கே தப்பிப்போகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஸ்கேனில் மூச்சுக்குழல் வளையங்கள் முத்துச்சரம் போல வரிசையாகத் தெரியும், சவ்வு எங்கே என்று குறித்துவிடலாம். தலையை அண்ணாந்த நிலையில் வைத்துக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் தோல் நகர்ந்து கோடும் நகர்ந்துவிடும். அதனால்தான் ஆபரேஷன் அன்று மறுபடி பார்ப்பார். உங்கள் அம்மாவுக்குக் கிடைத்திருப்பது அக்கறையான டாக்டர்.

பாக்கு விஷயம் தனி. வருடக்கணக்கில் போடுபவர்களுக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி, வாய் திறப்பது குறையும். வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்து நோயாளிகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். கழுத்து ஸ்கேன் இதைக் காட்டாது. அம்மாவின் மூன்று விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, அவர் வாய்க்குள் போகிறதா என்று பாருங்கள்.

பழைய சிரமத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னீர்களா? எந்த அளவையும்விட அந்தத் தகவல் பெரிது.

ஓடி_டெக்னீஷியன்
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லா இடத்திலும் இந்த ஸ்கேன் கிடைக்காது, கருவைப் பார்ப்பதும் இதே அல்ட்ராசவுண்ட் மெஷினில்தான். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 சட்டப்படி மெஷினை அந்தந்த இடத்துக்கென்று பதிவு செய்ய வேண்டும். நான்கு நர்சிங் ஹோமுக்குப் போகும் மயக்க மருந்து டாக்டர் சொந்த மெஷினைப் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது. 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய ஊர் இது, அந்தச் சட்டம் ஏன் வந்தது என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்கேன் இல்லாத இடத்திலும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பும் (குரல்வளையைக் கேமராவில் காட்டும் கருவி) பூஜியும் (ட்யூபுக்கு வழிகாட்டும் மெல்லிய வளையும் குச்சி) தயாராக இருக்கிறதா என்று தாராளமாகக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நாகலூர்க்காரன்
ரொம்ப நன்றிங்க டாக்டர், நன்றிங்க அண்ணா. இப்போதுதான் பார்த்தோம், இரண்டு விரல்தான் போகிறது. பழைய ஆபரேஷன் நடந்ததை மட்டும்தான் சொன்னோம், ட்யூப் பற்றிச் சொல்லவில்லை. இதற்காக மறுபடி ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்க வேண்டுமா? அம்மாவுக்கு பஸ்ஸில் தலைசுற்றல்.

சேலம்_மயக்கவியல்
வேண்டாம், இன்றே நர்சிங் ஹோமுக்குப் போன் செய்து மயக்க மருந்து டாக்டரிடமே இரண்டையும் சொல்லுங்கள். தொண்டையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அம்மா விழித்திருக்கும்போதே மெல்லிய கேமராக் குழாய் வழியாக ட்யூப் போடலாமா என்று அவர் யோசிப்பார். அதற்கான கருவி அங்கே இல்லையென்றால் அது இருக்கும் இடத்துக்கு அனுப்புவார், தயங்காமல் போங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். மாஸ்க் வழியாகக் காற்று எளிதாகப் போனதா, குரல் நாண் எவ்வளவு தெரிந்தது, எந்தக் கருவியில் ட்யூப் போனது, இந்த மூன்றும் அதில் இருக்க வேண்டும். போட்டோ எடுத்து உங்கள் போனிலும் தங்கை போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாகலூர்க்காரன்
எனக்குத் தங்கை இல்லைங்க, அக்கா இருக்கிறார். அவருக்கும் அனுப்பிவிடுகிறேன். போன் போட்டுவிட்டேன், சாயங்காலம் டாக்டரம்மாவே கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.